அரக்குத் தொப்பியின் வழியே: ஒன்பது நாள் குறிப்புகள்

முதல் நாள்: டக்ஸ்ஃபர்ட்

விமானத்திலிருந்து குதிக்கும் படைவீரனின் தலையில் இரண்டு பொருள்கள் மாறி மாறி அமர்கின்றன. வானில் இருக்கும்வரை தலைக்கவசம். தரையில் நாலு பேர் முன்னால் நிற்கும்போது பெரே (beret) என்னும் விளிம்பில்லாத, வட்டமான கம்பளித் தொப்பி. முன்னது அவன் மண்டையைக் காக்கிறது, பின்னது அவன் யார் என்று ஊருக்குச் சொல்கிறது. இந்த இரண்டும், அவற்றோடு சேர்ந்து தோளிலும் மார்பிலும் ஏறிய சின்னங்களும் எங்கிருந்து வந்தன என்று பார்ப்பதற்காகவே இந்தப் பயணம். போரின் வரலாற்றை எழுதும் எண்ணம் எனக்கில்லை. துணி, கம்பளி, உலோகம், நூல் ஆகிய நான்கோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே, டக்ஸ்ஃபர்ட் பழைய விமானத்தளத்தில், பிரித்தானியப் பாராசூட் ரெஜிமென்ட்டுக்கும், வானிலிருந்து இறங்கிப் போரிடும் வான்வழிப் படைகளுக்கும் உரிய அருங்காட்சியகம் 2008 முதல் இருக்கிறது; அதற்கு முன் அது ஆல்டர்ஷாட்டில் இருந்தது. இங்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் விமானங்களைப் பார்த்து முடித்துக் கால் ஓய்ந்த பிறகுதான் இந்தப் பகுதிக்குள் நுழைகிறார்கள் என்று தோன்றியது. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

தலைக்கவசத்திலிருந்து தொடங்கினேன். 1940 ஜூன் 22 அன்று ஐயாயிரம் பாராசூட் வீரர்கள் வேண்டும் என்று சர்ச்சில் எழுதிய குறிப்புக்குப் பிறகு, மான்செஸ்டர் அருகே ரிங்வேயில் பயிற்சி தொடங்கியபோது, அதற்கென்று தலையணி எதுவும் கையில் இல்லை. காலாட்படையின் அகன்ற விளிம்புத் தலைக்கவசத்தோடு குதித்தால், காற்று விளிம்புக்கு அடியில் புகுந்து தலையைப் பின்னுக்கு இழுக்கும். பாராசூட்டின் கயிறுகளும் அதில் மாட்டும். எனவே முதலில் துணியும் பஞ்சுபோன்ற ரப்பரும் சேர்த்துத் தைத்த மெத்தென்ற கவசம் பயிற்சிக்கு வந்தது. அதன்பின் விளிம்பே இல்லாத, கிண்ணத்தைக் கவிழ்த்தது போன்ற எஃகுக் கவசம் வந்தது. ஜெர்மானியர் இதே முடிவுக்கு முன்பே வந்திருந்தார்கள். காதையும் பிடரியையும் மறைத்து இறங்கும் தங்கள் வழக்கமான கவசத்தின் ஓரத்தை ஏறக்குறைய முழுவதும் வெட்டி, தாடைக்குக் கீழே இருபுறமும் கவடாகப் பிரியும் வாரைப் பொருத்தி, 1938 மாதிரி என்று அழைக்கப்படும் கவசத்தை உருவாக்கினார்கள். எதிரெதிர் அணியில் நின்ற இரண்டு படைகள், ஒரே காற்றுக்குப் பயந்து ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

பெரே தொப்பியின் கதை வேறு. தொடக்கத்தில் பாராசூட் வீரர்கள் தாங்கள் எந்த ரெஜிமென்ட்டிலிருந்து வந்தார்களோ அதன் தொப்பியையே அணிந்துவந்தார்கள். ஒரே படைப்பிரிவு அணிவகுத்து நின்றால் தலைக்குத் தலை வேறு தொப்பி. வான்வழிப் படைக்குத் தலைமையேற்ற ஃபிரடெரிக் பிரௌனிங், தோற்றத்தில் ஒழுங்கை வற்புறுத்துகிறவர். 1942-இல் அரக்குச் சிவப்புப் பெரே எல்லாருக்கும் பொதுவாக வந்தது. நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவருடைய மனைவியும் நாவலாசிரியையுமான டாஃப்னி டு மோரியே என்ற கதை இன்றும் உலவுகிறது. அந்தக் கதையை அவரே மறுத்து எழுதியிருக்கிறார். ஆனாலும் கதை சாகவில்லை. நாவலாசிரியை, படைத்தலைவன், ஒரு நிறம் என்ற மூன்றும் சேர்ந்துவிட்டால் மறுப்புக் கடிதத்தால் என்ன செய்ய முடியும்?

அதே ஆண்டு நவம்பரில் வட ஆப்பிரிக்காவில் இந்தத் தொப்பி முதல்முறை போர்க்களம் கண்டது. துனீசியாவில் எதிரிகள் இவர்களைச் ‘சிவப்புப் பிசாசுகள்’ என்று அழைத்ததாக ரெஜிமென்ட்டின் மரபு சொல்கிறது. இதை ‘சிவப்புத் தொப்பி’ என்று சொல்வது பேச்சுவழக்குதான். கண்ணாடிக்குள் பார்க்கும்போது அது நம் புடவைக் கடைக்காரர் தயக்கமில்லாமல் ‘அரக்கு’ என்று சொல்லும் நிறம்.

புறப்படும் நேரத்தில் அங்கே இருந்த ஒரு முதியவர், படையில் இருந்தவர், புதிய பெரேவைத் தலைக்கு ஏற்ப எப்படிப் பழக்குவது என்று கையால் நடித்துக் காட்டினார். வெந்நீரில் முக்க வேண்டும், பிறகு தண்ணீரில். ஈரத்தோடு தலையில் வைத்து, சின்னம் இடது கண்ணுக்கு மேல் நிற்கும்படி, மீதித் துணியை வலது காதை நோக்கி அழுத்தி இழுத்து, காயும்வரை கழற்றாமல் இருக்க வேண்டும். மேலே சிலிர்க்கும் கம்பளிப் பிசிறைச் சவரக் கத்தியால் மழிக்க வேண்டும். இதைச் செய்யாதவன் தலையில் தொப்பி, மாவு பிசைந்து வைத்தது போல் உட்கார்ந்திருக்கும் என்றார். அணிவகுப்பில் ஒருவன் புதியவனா பழையவனா என்பதை முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாமாம்.

இரண்டாம் நாள்: மீண்டும் டக்ஸ்ஃபர்ட்

நேற்று சின்னங்களுக்கு நேரம் போதவில்லை. இன்று அவற்றுக்காக மட்டும் வந்தேன்.

வெளிர் நீலக் குதிரை, அரக்குப் பின்னணி. சிறகுள்ள பெகசஸ் மீது ஈட்டியோடு அமர்ந்திருக்கும் பெல்லரஃபோன். கைமேரா என்ற கொடுவிலங்கை வானிலிருந்து தாக்கிக் கொன்றவன் என்று கிரேக்கத் தொன்மம் சொல்வதால், வானிலிருந்து இறங்கிப் போரிட்ட முதல் வீரன் என்ற கணக்கில் அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். வரைந்தவர் எட்வர்ட் சீகோ. இயற்கைக் காட்சிகளை வரைந்து பெயர் பெற்ற ஓவியர், அப்போது படையில் மேஜர். 1999-இல் 16-ஆம் வான்தாக்குப் பிரிகேட் உருவானபோது பெகசஸ் விலக்கப்பட்டு, பாயும் கழுகு அந்த இடத்துக்கு வந்தது. 2015-இல் பெகசஸ் திரும்பியது. ஒரு துணிச் சதுரத்தை மாற்ற நிர்வாகத்தால் முடிந்தது, மறக்கவைக்க முடியவில்லை.

என்னை நெடுநேரம் நிறுத்தியது அதைவிடச் சிறிய இன்னொரு சின்னம். பாராசூட் பயிற்சி முடித்து, பாராசூட் பிரிவில் பணியாற்றும் பிரித்தானிய வீரன் வலது கையின் மேற்பகுதியில் சிறகுகளோடு கூடிய பாராசூட்டை அணிகிறான். அதே பயிற்சியை முடித்தும் அத்தகைய பிரிவில் பணியாற்றாதவனுக்குச் சிறகு கிடையாது. வெறும் பாராசூட் மட்டும். குடையும் கயிறுகளும் மட்டும் இருப்பதால் அது மின்விளக்குக் குமிழ் போலத் தெரிகிறது. ‘லைட் பல்பு’ என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். இருவரும் குதித்தவர்கள்தான். ஆனால் குதித்துவிட்டுத் திரும்பிப் போனவன் வேறு, குதித்தவர்களோடு தங்கிவிட்டவன் வேறு என்று அந்தச் சிறகு பிரித்துக் காட்டுகிறது.

சிறகு வாங்குவதற்கு முன் ஒருவன் குதிக்க மறுத்தால் அவனைப் பழைய படைக்கே அனுப்பிவிடுவார்கள். வாங்கிய பிறகு மறுப்பது குற்றம். இராணுவ நீதிமன்றம் வரை போகும். ஆக, தோளில் தைத்த அந்தத் துணித்துண்டை நான் பாராட்டுப் பத்திரமாகப் பார்க்கவில்லை. இனி மாட்டேன் என்று சொல்லும் உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய பத்திரம் அது.

அரக்குத் தொப்பி அணியாத படையினர் அனைவரையும் பாராசூட் ரெஜிமென்ட்டார் ‘ஹேட்’, அதாவது ‘தொப்பி’ என்று இளக்காரமாகச் சொல்வது வழக்கம். தொப்பியால் பெருமை பெற்றவர்களின் வசைச்சொல்லும் தொப்பியாகவே இருப்பது, குல்லா போடுவதை ஏமாற்று வேலைக்கும் பரிவட்டம் கட்டுவதை மரியாதைக்கும் வைத்திருக்கும் நம் மொழிக்காரர்களுக்கு வியப்பாக இராது.

இரவில் போர்ட்ஸ்மத்திலிருந்து கப்பல்.

மூன்றாம் நாள்: பெனூவில்

விடியற்காலையில் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில், விஸ்த்ரெஅம் துறையில் இறங்கினால், கான் கால்வாயின் கரையோடு சற்று உள்ளே போனதும் பெனூவில். ஒரு தோள் சின்னத்தின் பெயரைத் தாங்கிய பாலம் இங்கே இருக்கிறது. நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய 1944 ஜூன் 6, நள்ளிரவு கழிந்து சில நிமிடங்களில், மேஜர் ஜான் ஹோவர்டின் ஆட்கள் என்ஜின் இல்லாத விமானங்களான கிளைடர்கள் மூன்றில் பாலத்தை ஒட்டியே வந்து இறங்கி அதைப் பிடித்தார்கள். அவர்களுடைய தோளில் இருந்த குதிரையின் பெயரால் அது ‘பெகசஸ் பாலம்’ ஆயிற்று. பழைய பாலம் 1990-களில் அகற்றப்பட்டு, இப்போது அருகில் உள்ள அருங்காட்சியக வளாகத்தில் புல்தரைமேல் நிற்கிறது. அடியில் தண்ணீர் இல்லாத பாலத்தின்மேல் நடப்பது ஒரு மாதிரிதான் இருக்கிறது.

ஹோவர்டின் ஆட்கள் பாராசூட் வீரர்கள் அல்லர். ஆக்ஸ்ஃபர்ட்ஷயர்–பக்கிங்ஹாம்ஷயர் இலகு காலாட்படையினர், கிளைடரில் வந்தவர்கள். ஆனாலும் அவர்களும் அதே அரக்குப் பெரேவைத்தான் அணிந்தார்கள். அதில் குத்தியிருந்த சின்னம் மட்டும் அவர்களுடைய சொந்த ரெஜிமென்ட்டின் ஊதுகொம்பு. வான்வழிப் படையின் மருத்துவர், பொறியாளர், பீரங்கிக்காரர் என எல்லாருக்கும் இதே ஏற்பாடுதான். துணியின் நிறம், எந்த வழியில் வந்தான் என்பதைச் சொல்லும். உலோகச் சின்னம், எந்த வீட்டுப் பிள்ளை என்பதைச் சொல்லும்.

பக்கத்தில் ரான்வில் போர்க்கல்லறை. இங்கே தொப்பி இல்லை, தலையும் இல்லை. சின்னம் மட்டும் கல்லில் செதுக்கி நிற்கிறது. வரிசையாக நடந்தால் சிறகு விரித்த பாராசூட், ஊதுகொம்பு, வேறு ரெஜிமென்ட்டுகளின் அடையாளங்கள் என்று கலந்து வருகின்றன. பெயர் தெரியாத சிலரின் கல்லிலும் ரெஜிமென்ட்டின் சின்னம் இருக்கிறது. பெயர் போன பிறகும் தொப்பியின் உலோகம் மிஞ்சியிருந்ததால் அடையாளம் கண்டிருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள்: செய்ன்ட்-மேர்-எக்லீஸ்

நார்மண்டியின் மறுகோடியில், அமெரிக்க வான்வழிப் படைகள் இறங்கிய ஊர். தேவாலயக் கோபுரத்தில் ஒரு பொம்மை பாராசூட்டோடு தொங்குகிறது. அன்றிரவு அங்கே சிக்கிக்கொண்ட 82-ஆம் டிவிஷன் வீரர் ஜான் ஸ்டீலின் நினைவாக. சுற்றுலாப் பயணிகள் அண்ணாந்து படம் எடுக்கும் இடத்தைக் கடந்து, 1964-இல் திறந்த வான்வழிப்படை அருங்காட்சியகத்துக்குப் போனேன். முதல் கட்டடத்தின் கூரையே விரிந்த பாராசூட் வடிவம். உள்ளே ஒரு வேக்கோ கிளைடர். துணிபோர்த்திய அதன் உடலைத் தட்டிப் பார்த்தால் ஓட்டைப் பறை போல் ஒலிக்கும் என்று தோன்றியது, தட்டவில்லை.

அமெரிக்கர்களுக்கு அப்போது பெரே கிடையாது. அவர்களுக்கு வாய்த்தவை படகு போல மடியும் துணித்தொப்பியும் தலைக்கவசமும். துணித்தொப்பியின் பக்கத்தில் ஒரு வட்டத் துண்டைத் தைத்துக்கொண்டார்கள். காலாட்படையானால் நீலப் பின்னணியில் வெள்ளைப் பாராசூட், பீரங்கிப்படையானால் சிவப்பு. அதிகாரிகள் அதை வலப்பக்கம் தைத்தார்கள், ஏனெனில் இடப்பக்கம் அவர்களுடைய பதவிச் சின்னத்துக்கு உரியது, மற்றவர்கள் இடப்பக்கம். கிளைடர்காரர்களுக்கு வேறு வட்டம். பின்னாளில் பாராசூட்டும் கிளைடரும் ஒரே வட்டத்துக்குள் வந்தன.

அந்த இணைப்புக்குப் பின்னால் ஒரு மனக்குறை இருக்கிறது. பாராசூட் வீரனுக்கு மாதந்தோறும் அபாயப்படி உண்டு. சிப்பாய்க்கு 50 டாலர். மரச்சட்டமும் துணியுமான கிளைடரில் ஏறி, வேலியிலோ மரத்திலோ மோதி நிற்பவனுக்கு 1944 வரை படியும் இல்லை, மார்பில் சின்னமும் இல்லை. நொறுங்கிய கிளைடர்களின் படங்களை ஒட்டி, பறக்கும் படி இல்லை, குதிக்கும் படி இல்லை, ஆனால் சலிப்பு மட்டும் வரவே வராது என்ற பொருளில் கேலிச் சுவரொட்டி அடித்து முகாமில் மாட்டினார்கள். பிரித்தானியர் ஒரே அரக்கு நிறத்துக்குள் இருவரையும் அணைத்துக்கொண்டார்கள். அமெரிக்கர் சம்பளப் பட்டியல் வரை பிரித்துவைத்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பிரித்தானிய ஏற்பாடுதான் பிடித்திருக்கிறது.

தலைக்கவசத்துக்கு வருவோம். அமெரிக்கப் பாராசூட் வீரனின் கவசம் வழக்கமான எம்-1 கவசத்தின் மாற்று வடிவம். ஆங்கில ‘டி’ எழுத்து வடிவக் கம்பி வளையங்களைப் பக்கவாட்டில் பற்றவைத்து வாரை மாட்டினார்கள். உள்கூட்டில் தாடையைத் தாங்கும் தோல் கிண்ணம் ஒன்று. அசையாத அந்த வளையங்கள் கவசம் கீழே விழுந்தாலே உடைந்தன. கவசத்தைத் தரையில் போட்டு அதன்மேல் உட்காரும் பழக்கமும் சேர்ந்துகொள்ள, பின்னர் அசையும் வளையத்துக்கு மாறினார்கள்.

101-ஆம் டிவிஷனின் கவசங்களில் வெள்ளை வண்ணத்தில் சீட்டுக்கட்டுக் குறிகள் இருக்கின்றன. இஸ்பேடு என்றால் 506-ஆம் ரெஜிமென்ட், ஆட்டின் என்றால் 502, டைமன் என்றால் 501, கிளாவர் என்றால் 327-ஆம் கிளைடர் ரெஜிமென்ட். குறியைச் சுற்றி ஒரு சிறு கோடு. அது கடிகாரத்தின் மூன்று மணி இடத்தில் இருந்தால் முதல் பட்டாலியன், ஆறில் இருந்தால் இரண்டாவது, ஒன்பதில் மூன்றாவது, பன்னிரண்டில் தலைமையகம். இருட்டில் சிதறி விழுந்தவர்கள் ஒருவரையொருவர் சேர்த்துப் பிடிக்க உதவிய எளிய கணக்கு இது. சேரர் படைக்குப் பனம்பூ, சோழர் படைக்கு ஆத்தி, பாண்டியர் படைக்கு வேம்பு என்று களத்தில் தம்மவரை அறியப் பூச் சூடிய செய்தியைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்கே பூ வாடும், இங்கே வண்ணம் உதிரும்.

தோளில் 101-க்குக் கத்தும் கழுகு. உள்நாட்டுப் போரில் விஸ்கான்சின் 8-ஆம் ரெஜிமென்ட் கூடவே சுமந்து சென்ற ‘ஓல்ட் ஏப்’ என்ற கழுகின் நினைவு அதில் இருக்கிறது. 82-க்கு இரட்டை ‘ஏ’; 1917-இல் எல்லா மாநிலங்களிலிருந்தும் ஆட்களைக் கொண்டிருந்ததால் ‘ஆல் அமெரிக்கன்’ என்று பெற்ற பெயரின் சுருக்கம். இரண்டு டிவிஷன்களும் வான்வழிப் படையாக மாறியது 1942 ஆகஸ்டில்.

மார்பில் அணியும் வெள்ளிச் சிறகைப் பற்றிச் சொல்லாமல் இந்த நாளை முடிக்க முடியாது. அதை 1941-இல் வடிவமைத்தவர் வில்லியம் யார்பரோ, அப்போது கேப்டன். விரிந்த பாராசூட்டின் அடியிலிருந்து இரு சிறகுகள் மேல்நோக்கி வளைந்து குடையின் விளிம்பைத் தொடுகின்றன. போரில் குதித்தவர் ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு சிறு வெண்கல விண்மீனை அதில் பதித்துக்கொண்டார். இருபது ஆண்டுகள் கழித்து, 1961 அக்டோபர் 12 அன்று, ஃபோர்ட் பிராக் முகாமுக்குக் கென்னடி வந்தபோது, அதுவரை அனுமதியில்லாமல் இருந்த, சிறப்புப் படையினரின் பச்சைப் பெரேவை அணிந்து நின்று வரவேற்றவர் ஜெனரலாகியிருந்த இதே யார்பரோ. பச்சைக்கு அங்கீகாரம் கிடைத்தது. மார்புக்குச் சிறகு தந்தவரே தலைக்குத் தொப்பியும் வாங்கித் தந்தார் எனலாம்.

அரக்குப் பெரே அமெரிக்கர்களை அடைந்தது அதற்கும் பிறகு. 1973-இல் 82-ஆம் டிவிஷன் அணியத் தொடங்கியது. 1979-இல் மேலிடம் தடுத்தது. 1980-இல் திரும்பக் கொடுத்தது. தலைமையகங்கள் ஏனோ தொப்பிகளோடு சண்டையிட்டுக்கொண்டே இருக்கின்றன.

ஐந்தாம் நாள்: ரயிலில்

கரன்டான், பாரிஸ், ஆர்னெம். பாரிஸில் இணைப்பு ரயிலைத் தவறவிட்டு மூன்று மணி நேரம் நடைமேடையில் இருந்ததால், இந்தப் பயணத்தின் வழியில் வராத சோவியத் நீலத்தைப் பற்றிய குறிப்புகளை ஒழுங்குபடுத்தினேன்.

1930 ஆகஸ்ட் 2 அன்று வரோனெஷ் அருகே பன்னிரண்டு பேர் குதித்ததைத் தம் பிறந்தநாளாகக் கொண்டாடும் படை, சோவியத் வான்வழிப் படை. அதற்கும் முதலில் வந்தது சிவப்புச் சாயல்தான். ஓவியர் ஜூக்கின் வரைவின்படி உருவான ராஸ்பெரிப் பழநிறப் பெரேக்கள் 1967 நவம்பர் அணிவகுப்பில் தோன்றின. 1969-இல் அது வான்நீலமாக மாறி நிலைத்தது. மற்ற நாடுகள் பிரித்தானியச் சிவப்பைப் பின்பற்றிக்கொண்டிருக்க, இவர்கள் குதிக்கும் இடத்தின் நிறத்தையே எடுத்துக்கொண்டார்கள். தளபதி மார்கெலோவ் போர்க்காலத்தில் கடற்படை வீரர்களுக்குத் தலைமை தாங்கியவர். மாலுமிகளின் கோடிட்ட பனியன்மேல் அவருக்கு இருந்த பற்றால், கருநீலக் கோட்டை வான்நீலமாக்கித் தம் ஆட்களுக்கு வாங்கிக்கொடுத்தார். அவருடைய முதற்பெயர் வசீலி. படையின் மூன்றெழுத்துச் சுருக்கத்தை ‘வாஸ்யா மாமாவின் படை’ என்று விரித்துச் சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு.

ஆறாம் நாள்: ஓஸ்டர்பேக், ட்ரீல்

நெதர்லாந்தில் ஆர்னெமை ஒட்டிய ஓஸ்டர்பேக்கில் செப்டம்பர் மாதமாகையால் வீட்டு வாசல்களில் அரக்குக் கொடிகள் தொங்குகின்றன. நடுவில் வெளிர் நீலப் பெகசஸ். டக்ஸ்ஃபர்ட்டில் உள்ளங்கை அகலத்தில் பார்த்த சின்னம், இங்கே சன்னல் அகலத்துக்கு விரிந்து காற்றில் அசைகிறது. ஒரு வெளிநாட்டுப் படையின் தோள்துணியை ஊரே ஏற்று, எண்பது ஆண்டுகளாக ஏற்றி இறக்குகிறது.

1944 செப்டம்பர் 17 தொடங்கி இங்கே இறங்கிய பிரித்தானிய முதலாம் வான்வழி டிவிஷனின் தலைமையகமாக இருந்த ஹார்டென்ஸ்டைன் மாளிகையே 1978 முதல் அருங்காட்சியகம். ஏறத்தாழ 10,000 பேர் வந்தார்கள். ஆற்றைக் கடந்து திரும்பியவர்கள் 2,400 பேர் அளவில். மாளிகைத் தோட்டத்திலும் வயல்களிலும் கிடைத்த கவசங்களில் சில, சுற்றிலும் துருவால் தின்னப்பட்டு, உள்ளே இருந்த ரப்பர் பட்டையின் அடையாளம் மட்டும் வளையமாக மிஞ்சியவை. கம்பளி மண்ணில் நிற்பதில்லை. எனவே மண்ணிலிருந்து எடுத்த பெரே எதையும் காணமுடியாது. சின்னங்கள் மட்டும் வரும், பின்னால் இருந்த கொக்கிகள் வளைந்து.

பிற்பகலில் சிறு படகில் ரைன் ஆற்றைக் கடந்து ட்ரீலுக்குப் போனேன். செப்டம்பர் 21 அன்று ஸ்தானிஸ்வாவ் சொசபோவ்ஸ்கியின் போலந்துப் பாராசூட் பிரிகேட் இங்கேதான் குதித்தது. இவர்கள் அரக்கு அணியவில்லை. சாம்பல்நிறப் பெரே, அதில் போலந்தின் கழுகு. பாராசூட் சின்னமும் வேறுதான்: செங்குத்தாகப் பாயும் கழுகு. வரைந்தவர் மரியன் வலென்டினோவிச், குழந்தைகளுக்கான படக்கதைகள் வரைந்தவர். 1941 ஜூன் 20 அன்று அது நடைமுறைக்கு வந்தது. பின்பக்கத்தில் ‘தாயகமே, உனக்கு’ என்ற சொற்கள். போரில் குதித்தவனுடைய கழுகு மட்டும் கால்நகங்களில் பொன்முலாம் பூசிய மாலை ஒன்றைப் பற்றியிருக்கும்.

பாயும் கழுகை முதலில் பதக்கமாக்கியவர்கள் ஜெர்மானியர். 1936 நவம்பரில் மாலைக்கு நடுவே தலைகீழாய் இறங்கும் கழுகை, ஆறு குதிப்புகளை முடித்தவனுக்குக் கொடுத்தார்கள். பறவை ஒன்றே, ஆனால் ஜெர்மானியக் கழுகைச் சுற்றி மாலை எல்லாருக்கும் உண்டு, போலந்துக் கழுகு அதைக் களத்தில் இறங்கியே பெறவேண்டும். லைட் பல்புக்கும் சிறகுக்கும், விண்மீனுக்கும், இந்த மாலைக்கும் பின்னால் இருப்பது ஒரே கேள்விதான்: யார் எங்கே குதித்தான்? கனடாக்காரர் அதற்கு மேப்பிள் இலையின் நிறத்தால் விடை சொல்கிறார்கள். பாராசூட் பிரிவில் பணியாற்றினால் வெள்ளை இலை, இல்லாவிட்டால் சிவப்பு. இஸ்ரேலியர் சிறகுக்குப் பின்னால் சிவப்புத் துணி வைத்தால் அது போர்க் குதிப்பு.

ட்ரீலின் சதுக்கத்தில் போலந்து வீரர்களுக்கான நினைவிடம் உண்டு. அவர்களுடைய பங்குக்கு நெதர்லாந்தின் உயர்ந்த படைவிருது கிடைக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓஸ்டர்பேக் கல்லறையில் அவர்களுடைய கற்கள் மேல்முனை கூராக இருப்பதால் தூரத்திலிருந்தே தெரிகின்றன.

ஏழாம் நாள்: மீண்டும் ரயில்

நாள் முழுவதும் தெற்கு நோக்கி. இந்தியச் சின்னங்களைப் பற்றி எழுத இதுவே வாய்ப்பு.

1941 அக்டோபரில் டெல்லியில் 50-ஆம் இந்தியப் பாராசூட் பிரிகேட் உருவானது. பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்கள் என்று பெயர் பெற்ற இருவரில் ஒருவர் மருத்துவ அதிகாரி ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். மற்றவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். இதே ரங்கராஜ்தான் கொரியப் போரில் 60-ஆம் பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கி, 1951 மார்ச்சில் முன்சான்-னியில் அமெரிக்கர்களோடு அதன் ஒரு குழுவைக் குதிக்கவைத்து, மகாவீர் சக்கரம் பெற்றவர். அரக்குப் பெரேவின் அடியில் இருந்தவர்கள் அனைவரும் துப்பாக்கிக்காரர்கள் அல்லர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேடவேண்டியதில்லை.

விடுதலைக்குப் பிறகும் இந்தியா அரக்கை வைத்துக்கொண்டது. பாராசூட் ரெஜிமென்ட்டின் சின்னத்தில் விரிந்த பாராசூட், சிறகுகள், நிமிர்ந்த குத்துவாள். சீக்கிய வீரர்கள் பெரேவுக்குப் பதிலாக அதே அரக்குநிறத் தலைப்பாகை கட்டி அதில் அந்தச் சின்னத்தைக் குத்திக்கொள்கிறார்கள். பிரித்தானியத் தையலில் பிறந்த நிறம் இந்தியத் தலைப்பாகையில்தான் அதிக முழங்களைக் கண்டிருக்கும். பிரிகேட்டின் சின்னமான ‘சத்ருஜித்’, பாதி குதிரை பாதி மனிதனாக, கையில் வில்லோடு.

பாராசூட் சிறப்புப் படையினரின் ‘பலிதான்’ சின்னத்தைப் பலர் முதலில் பார்த்தது கிரிக்கெட் களத்தில். 2019 உலகக் கோப்பையில் தோனியின் கையுறையில் அந்தக் குத்துவாள் இருந்ததும், பன்னாட்டு கிரிக்கெட் கவுன்சில் அதை நீக்கச் சொன்னதும் நினைவிருக்கும். சர்ச்சை எப்படியிருந்தாலும், பெயர்ப்பட்டைக்குக் கீழே சட்டைப்பையில் இருக்கவேண்டிய விரல்நீளச் சின்னம், தொலைக்காட்சி வழியாக வீடுகளுக்குள் வந்தது.

எட்டாம் நாள்: போ

பிரெஞ்சு வான்வழிப் படையின் பள்ளி, பிரெனீஸ் மலையடியில் உள்ள போ நகரில் இருக்கிறது. அதன் வாயிலை ஒட்டிய அருங்காட்சியகத்தில் காலை முழுவதும் கழித்தேன்.

பிரெஞ்சுக்காரர்களும் பிரித்தானிய அரக்கைப் போர்க்காலத்தில் பெற்றவர்களே. ஆனால் பெரேவை எதிர்ப்பக்கம் சாய்க்கிறார்கள்: துணி இடது காதை நோக்கி, சின்னம் வலது நெற்றிப்பொட்டுக்கு மேல். சின்னத்தில் குத்துவாள் பிடித்த, சிறகு முளைத்த ஒரு வலக்கை. கடற்படைக் காலாட்படை மரபிலிருந்து வந்த பாராசூட் வீரர்கள் அதோடு நங்கூரத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள். வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் அயல்நாட்டுப் படையணியின் (ஃபாரின் லீஜன்) பாராசூட் வீரர்களோ பச்சைப் பெரேவை விடவில்லை. அதன்மேல் சிறகுக் கையைக் குத்திக்கொண்டார்கள். பெனூவில்லில் நிறம் வந்த வழியையும் உலோகம் பிறந்த வீட்டையும் சொன்னது என்று எழுதினேன் அல்லவா? இங்கே தலைகீழ். வீட்டை நிறம் சொல்கிறது, வழியை உலோகம் சொல்கிறது.

எல்லா நாடுகளும் அரக்கில் வந்து சேர்ந்துவிடவில்லை. ஸ்பெயின் பாராசூட் வீரர்களுக்குக் கறுப்பு, போர்ச்சுகல்காரர்களுக்கு 1955 முதல் பச்சை.

பிரெஞ்சுச் சிறகுச் சின்னத்தைக் கையில் எடுத்துப் பின்பக்கம் திருப்பினால் ஓர் எண் பொறித்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். ஒருவருக்குக் கொடுத்தது மற்றவருக்கு வராது. இரண்டு முன்னாள் வீரர்கள் சந்தித்தால் எண்ணைச் சொல்லிக்கொண்டு யார் மூத்தவர் என்று கணக்குத் தீர்ப்பார்களாம்.

ஒன்பதாம் நாள்: ஓலோரோன்-செய்ன்ட்-மரி

போவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பெரே என்ற தலையணி, இந்த வட்டாரமான பேயார்ன் பள்ளத்தாக்குகளின் ஆட்டிடையர்களுடையது. 1889 வாக்கில் பிரெஞ்சு மலைப்படையினர் அதை எடுத்துக்கொண்டார்கள். முதல் உலகப்போரில் அவர்களைப் பார்த்த பிரித்தானிய டாங்கிப் படையினர், எண்ணெய்க் கறை தெரியாது, டாங்கியின் வாயிலில் இடிக்காது என்று கறுப்பு நிறத்தில் 1924-இல் ஏற்றார்கள். அங்கிருந்து 1942-இல் பிரௌனிங்கின் ஆட்களிடம். அரக்குத் தொப்பி குதிக்கப் பழகும் பள்ளி, அந்தத் தொப்பி பிறந்த மண்ணிலேயே அமைந்திருக்கிறது.

ஒரு பட்டறையில் செய்முறையைக் கண்டேன். மெரினோ கம்பளி நூலில் ஒரே துண்டாகப் பின்னி இணைத்ததும் கையில் வருவது தொப்பியே அல்ல. வெளுத்த, தளர்ந்த, இரண்டு தலை கொள்ளும் ஒரு வலை. அதைச் சோப்பு நீரில் நனைத்து நெடுநேரம் அடிக்கிறார்கள். நூல்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி, துணி சுருங்கித் தடித்து, கண்ணிகள் மறைந்துவிடுகின்றன. பிறகு சாயம், அச்சில் வைத்து உலர்த்தல், மேற்பரப்பைச் சீவுதல், மழித்தல். உச்சியில் விடப்படும் சிறு வாலுக்கு ‘கபியு’ என்று பெயர். பின்னல் அவிழாமல் முடியும் இடம் அதுவே.

அரக்குச் சாயம் ஏறிய ஒன்றை ஈரத்தோடு என் தலையில் வைத்துப் பார்க்கச் சொன்னார் அங்கிருந்த பெண்மணி. எதிர்பார்த்ததைவிடக் கனம், காதருகே நீர் சொட்டியது. ‘எந்தப் பக்கம்?’ என்று கேட்டார். வலது காதை நோக்கி இழுத்தால் டக்ஸ்ஃபர்ட் முதியவரின் பக்கம், இடது என்றால் போ. ஒருமுறைகூடக் குதிக்காத தலை இது என்று சொல்லி, எந்தப் பக்கமும் சாய்க்காமல், இடையர்கள் வைப்பது போல் நடுவில் தட்டையாகவே வைத்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, தொப்பியை எடுத்து மீண்டும் அச்சில் மாட்டினார்.